வரப்பின் தடிமன் எவ்வளவு?

போன மே மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். காட்டாங்குளத்தூரில் நண்பர் ஒருவரின் சின்ன ஆய்வறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். கீழே ஒரு துளி எண்ணெய்க்குள் நகம் அளவுக்கு ஒரு படிகச் சீவல். ரோஷல் உப்பு. எண்ணெய் எதற்கு என்றால், நம்ம ஊர்க் காற்றின் ஈரத்தில் அது கசிந்து கரைந்துவிடும். ஏசி 20 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. கீழும் மேலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு போலராய்டு தகடுகள். படிகத்தை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் வரிவரியாக வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை. நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்கோடுகள்.

அப்போது கரண்ட் போனது. விளக்கு யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பித்தது, ஏசி நின்றது. மே மாதத்து அறை எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். பட்டைகளுக்கு நடுவே இருந்த வெளிச்ச வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பட்டென்று அணையவில்லை, வெளுத்துப்போன புடவைக் கரை மாதிரி மங்கி, கடைசியில் கோடே இல்லை. படிகம் முழுக்க ஒரே நிறம். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது, அறை குளிர்ந்தது, கோடுகளும் வந்தன. சில அதே இடத்தில். சில வேறு இடத்தில்.

படிகத்திலிருந்து ஒரு அணுகூட வெளியே போகவில்லை, உள்ளே வரவில்லை. அப்படின்னா அந்தக் கோடு எதனால் ஆனது?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில், நான் வரைந்திருந்த இதே மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இந்தக் கோட்டோட தடிமன் என்ன?" என்று கேட்டார். படம் வரைந்த பென்சிலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "0.5 சார்" என்றேன். அறையே சிரித்தது. அவர் கேட்டது டொமைன் சுவரின் தடிமனை. பதில் தெரியாது என்பதைவிட, அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது என்பதுதான் உறுத்தியது. கோடு என்றால் கோடு. அதற்குள் என்ன இருந்துவிடப் போகிறது?

முதலில் இந்த உப்பைப் பற்றிக் கொஞ்சம். ரோஷல் உப்பு என்பது சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட். டார்ட்டாரிக் அமிலம் வேறெங்கும் இல்லை, நம் வீட்டுப் புளியில் இருக்கிறது. ரசத்தின் புளிப்பில் பெரும்பங்கு அதுதான். 1920இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் வாலாசெக் என்ற ஆராய்ச்சி மாணவர் இந்த உப்பில்தான் ஒரு விநோதத்தைக் கண்டார். வெளியிலிருந்து மின்புலம் கொடுக்காதபோதும் படிகத்துக்குள் மின்முனைவாக்கம் இருந்தது. ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் எதிர். எதிர்த்திசையில் போதுமான மின்புலம் கொடுத்தால் அது அப்படியே திரும்பிக்கொண்டது, மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பியபடியே நின்றது. இரும்புக் காந்தம் செய்வதை இது மின்சாரத்தில் செய்கிறது. அந்த ஒப்புமையில் வைத்த பெயர்தான் ஃபெரோஎலெக்ட்ரிக். பெயரில் இரும்பு இருக்கிறதே தவிர, பொருளில் இருக்கத் தேவையில்லை.

இந்த உப்பின் ஃபெரோஎலெக்ட்ரிக் குணம் சுமார் மைனஸ் 18 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரைதான். அதாவது தாம்பரத்துக்குத் தெற்கே, ஏசி இல்லாத ஒரு வீட்டில், மார்கழி விடியற்காலையைத் தவிர்த்து அது அநேகமாக வெறும் உப்பு.

இப்போது டொமைன். வயலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாத்தியில் எல்லா அலகுக்கூடுகளின் மின்முனையும் மேல்நோக்கி, பக்கத்துப் பாத்தியில் எல்லாம் கீழ்நோக்கி. ஒவ்வொரு பாத்தியும் ஒரு டொமைன். நடுவில் இருக்கும் வரப்புதான் டொமைன் சுவர்.

படிகம் ஏன் இப்படிப் பாத்தி கட்டிக்கொள்கிறது? எல்லா முனையும் ஒரே பக்கம் நின்றால் மேல்பரப்பு முழுக்க நேர் மின்னூட்டம், கீழ்ப்பரப்பு முழுக்க எதிர் மின்னூட்டம் சேரும். அவை உள்ளே உண்டாக்கும் மின்புலம் முனைவாக்கத்துக்கே எதிராக வேலை செய்யும். மேலும் கீழுமாக மாறி மாறி நின்றால் அந்தச் செலவு குறைகிறது. ஆனால் வரப்பு சும்மா வராது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் ஆற்றல் கொடுக்க வேண்டும். பாத்தி ரொம்பச் சின்னதானால் வரப்புச் செலவு கட்டாது, ரொம்பப் பெரிதானால் மேல்பரப்புச் செலவு கட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு கணக்கு வருகிறது: பாத்தியின் அகலம் படிகத் தடிமனின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும். நான்கு மடங்கு தடிமனான சீவலில் பட்டைகள் இரண்டு மடங்கு அகலம். காந்தங்களுக்கு இந்தக் கணக்கை 1946இல் சார்லஸ் கிட்டல் போட்டார். ரோஷல் உப்புக்கு 1953இல் ஜப்பானின் மிட்சுயியும் ஃபுருயிச்சியும், நான் பார்த்த மாதிரியே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, போட்டார்கள்.

சரி, வரப்பின் உள்ளே போவோம். இதற்கு ரோஷல் உப்பு தோதுப்படாது. அதன் ஒரு அலகுக்கூட்டில் 112 அணுக்கள். பேரியம் டைட்டனேட்டில் ஐந்தே ஐந்து. உங்கள் கைபேசிக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் பெரும்பாலும் இந்தப் பொருளால் ஆனவைதான். மூலைகளில் பேரியம், முகங்களின் நடுவில் ஆக்சிஜன், நட்டநடுவில் டைட்டானியம். சுமார் 120 டிகிரிக்கு மேல் டைட்டானியம் சரியாக நடுவில் இருக்கும், கூடு கனசதுரம். அதற்குக் கீழே குளிர்ந்தால் டைட்டானியம் ஏதாவது ஒரு ஆக்சிஜன் பக்கமாக ஆங்ஸ்ட்ராமில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகரும், கூடும் அந்தத் திசையில் 1 சதவீதம் நீளும். ஆறு முகங்கள் இருப்பதால் ஆறு திசைகள். எதிரெதிர்த் திசைகள் சந்தித்தால் 180 டிகிரிச் சுவர், செங்குத்துத் திசைகள் சந்தித்தால் 90 டிகிரிச் சுவர்.

180 டிகிரியை எடுத்துக்கொள்வோம். மேல்நோக்கிய முனை எப்படிக் கீழ்நோக்கி ஆகிறது? இரண்டு வழி உண்டு. தாம்பரம் பிளாட்பாரத்தில் ஒரு நீண்ட வரிசை, பாதிப் பேர் பீச் பக்கம் பார்த்தும் பாதிப் பேர் செங்கல்பட்டுப் பக்கம் பார்த்தும் நிற்கிறார்கள் என்று வையுங்கள். காந்தமாக இருந்தால் நடுவில் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் திரும்பி அந்த மாற்றத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இரும்பில் டொமைன் சுவர் அப்படித்தான், நூற்றுக்கணக்கான அணுவரிசை அகலம். பக்கத்துக் காந்தமுனைகள் ஒன்றையொன்று விட்டு விலகுவதை அங்கே கடுமையாகத் தடுக்கும் விசை இருக்கிறது, திசை மாறுவதற்கான செலவோ குறைவு. எனவே மெதுவாகத் திரும்புவதே லாபம்.

ஃபெரோஎலெக்ட்ரிக்கில் கதை தலைகீழ். முனையின் திசை படிகத்தின் நீட்சியோடு பின்னிக் கிடக்கிறது, பக்கவாட்டில் திரும்ப வேண்டுமானால் கூட்டையே வேறு திசையில் இழுத்து நீட்ட வேண்டும். அது பெரிய செலவு. அதனால் யாரும் திரும்புவதில்லை, நடுவில் நிற்பவர் உட்கார்ந்துவிடுகிறார்! முனைவாக்கம் குறைந்து, பூஜ்யமாகி, மறுபக்கம் வளர்கிறது. இத்தனையும் ஓரிரண்டு அலகுக்கூட்டு அகலத்துக்குள். ஒரு நானோமீட்டர்கூட இருக்காது.

தேர்வாளருக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். நான் சொன்ன 0.5 மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 0.5 நானோமீட்டர். எண் சரி, அலகுதான் காலை வாரிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மின்வெட்டு புரிந்தது. சுவரின் நட்டநடுவில் டைட்டானியம் எங்கே இருக்கிறது? சரியாக நடுவில். அது 120 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய நிலை. ஆக 180 டிகிரிச் சுவர் என்பது, அறை வெப்பநிலையிலேயே படிகத்துக்குள் சிக்கிக்கொண்டிருக்கும் சூடான படிகத்தின் ஓர் அணுமெல்லிய சீவல். சூடாக்கச் சூடாக்கச் சுவர் அகலமாகிறது, இரண்டு பக்கத்திலும் முனைவாக்கம் குறைகிறது. ரோஷல் உப்பின் 24 டிகிரியிலும் இதே கதைதான். கரண்ட் போனபோது சுவர்கள் அழிந்துபோய்ப் படிகம் மிஞ்சியது என்று நான் நினைத்தேன். நடந்தது வேறு. படிகம் முழுவதுமே சுவராகிவிட்டது.

இதை அணு அளவில் பார்த்தும் விட்டார்கள். 2008இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஜியா, உர்பான் முதலியோர், லென்ஸ் பிழை திருத்திய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஒரு லெட் சிர்க்கோனேட் டைட்டனேட் படலத்தின் சுவரைக் கடந்து ஒவ்வொரு அணுவும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பிகோமீட்டர் கணக்கில் அளந்தார்கள்.

"யாரும் திரும்புவதில்லை" என்று மேலே அடித்துச் சொன்னேன் இல்லையா, பாடப்புத்தகங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லின. 2009இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வெங்கட்ராமன் கோபாலனும் கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கீட்டில், லெட் டைட்டனேட், லித்தியம் நியோபேட் இரண்டிலும் சுவருக்குள் முனை கொஞ்சம் பக்கவாட்டிலும் சாய்கிறது என்று வந்தது. அதாவது உட்காருபவர் உட்காரும்போது லேசாகத் திரும்பியும் பார்க்கிறார். 2014இல் வொஜ்தெவ், இன்யிகெஸ் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள்: லெட் டைட்டனேட் சுவருக்குள் எழும் அந்தப் பக்கவாட்டு முனைவாக்கம் தனக்கென்று ஒரு மாற்ற வெப்பநிலை உள்ளது, அது படிகத்தினுடையதைவிடக் குறைவு. வரப்பே ஒரு குட்டி வயல்!

90 டிகிரிச் சுவர் வேறு சுபாவம். கூடு ஒரு திசையில் 1 சதவீதம் நீண்டிருப்பதால், நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றும் பக்கத்தில் வைத்தால் விளிம்பு பொருந்தாது. செவ்வகச் செங்கலைக் கையில் வைத்திருக்கும் எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மூலைவிட்டத்தில் ஒட்டினால் மட்டுமே பொருந்தும். அதனால் இந்தச் சுவர்கள் 45 டிகிரியில் சாய்ந்தே நிற்கும். அப்படியும் இரண்டு பக்கத்து முனைகளுக்கு நடுவே சரியாக 90 வருவதில்லை, 0.6 டிகிரி போல இடிக்கிறது. படிகம் கொஞ்சம் வளைந்து சமாளிக்கிறது. இந்தச் சுவர் 180 டிகிரிச் சுவரைவிடத் தடிமனானது, ஆனால் செலவு குறைவு. லெட் டைட்டனேட்டுக்கு மேயரும் வாண்டர்பில்ட்டும் 2002இல் கணக்கிட்டபோது 180 டிகிரிச் சுவருக்குச் சதுர மீட்டருக்கு 132 மில்லிஜூலும், 90 டிகிரிக்கு 35 மில்லிஜூலும் வந்தன.

வரப்பு நகருமா? நகரும். அதுதான் விஷயமே. முனைவாக்கம் திரும்புகிறது என்றால் பெரும்பாலும் சுவர்கள் நகர்ந்து ஒரு டொமைன் இன்னொன்றை விழுங்குகிறது என்று அர்த்தம். எங்கள் தெருவில் முன்பு நெல் வைத்திருந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இப்போது எல்லாம் மனை. அவரிடம் ஒருநாள் இதைச் சொல்லப்போய், "வரப்பு நகருமாங்கய்யா?" என்று கேட்டேன். "நகராம? வருசத்துக்கு ஒரு மம்பட்டி வெட்டு. அவன் பக்கம் கொஞ்சம் செதுக்குவான், நம்ம பக்கம் கொஞ்சம் அணைப்பான். மொத்த வரப்பையும் ஒரே நாள்ல எவனும் நகத்த மாட்டான் தம்பி, ஒரு எடத்துல மொதல்ல ஆரம்பிப்பான்" என்றார்.

படிகமும் அதைத்தான் செய்கிறது. முழுச் சுவரையும் ஒரேயடியாகத் தள்ள ஆற்றல் போதாது. சுவரின் மேல் ஒரு இடத்தில் சின்னப் புடைப்பு உருவாகி, அது பக்கவாட்டில் பரவி ஒரு வரிசை நிரம்பினால் சுவர் ஒரு அலகுக்கூடு நகர்ந்திருக்கும். 1954இல் பெல் ஆய்வகத்தில் மெர்ஸ் என்பவர் பேரியம் டைட்டனேட் முனை திரும்பும் வேகத்தை அளந்தபோது, மின்புலத்தைச் சிறிது கூட்டினாலே வேகம் பலமடங்கு ஏறியது. 1960இல் மில்லரும் வைன்ரைக்கும் அதற்கு இந்தப் புடைப்பு விளக்கத்தைக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு முள் இருந்தது. புதிய டொமைன் முளைக்கத் தேவையான ஆற்றலை ராபர்ட்... இல்லை, ரோல்ஃப் லாண்டவர் 1957இலேயே கணக்குப் போட்டு, வெப்ப அதிர்வால் எந்தக் காலத்திலும் அதை எட்டவே முடியாது என்று காட்டியிருந்தார். ஆனால் படிகங்களோ தினமும் திரும்பிக்கொண்டுதான் இருந்தன. ஏற்கெனவே நிற்கும் சுவரின் மேல் எழும் புடைப்புக்காவது 2007இல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராப் குழு அணு அணுவாக உருவகப்படுத்திப் பார்த்தது. பழைய கணக்குகளில் புடைப்புக்குக் கூர்மையான விளிம்பு இருந்தது. உண்மையில் விளிம்பு மழுங்கிப் பரந்து கிடக்கிறது, அதனால் செலவு மிகக் குறைவு. வரப்பின் விளிம்பு கூர்மையா மழுங்கலா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

வரப்பில் கல் இருந்தால் மம்பட்டி இறங்காது. படிகத்தின் குறைபாடுகள் அந்தக் கல். ஏசி திரும்ப ஓடியபோது சில கோடுகள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். இதை வேண்டுமென்றே செய்வதும் ஒரு தொழில். சமையலறை கேஸ் லைட்டருக்குள் இருக்கும் லெட் சிர்க்கோனேட் டைட்டனேட் வகையில், கொஞ்சம் இரும்பு கலந்தால் சுவர்கள் இறுகும், கொஞ்சம் நியோபியம் கலந்தால் இளகும். அதிர்ந்துகொண்டே உழைக்க வேண்டிய கருவிக்கு இறுகியது, நுட்பமாக உணர வேண்டிய கருவிக்கு இளகியது.

வரப்பின் இன்னொரு பயனை இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். சேற்று வயலில் நடக்க முடியாது, வரப்பில் நடக்கலாம். ஃபெரோஎலெக்ட்ரிக் படிகம் மின்சாரம் கடத்தாத பொருள். ஆனால் அதன் சுவர்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1980இல் வேதியியல் பட்டம் வாங்கி, பெங்களூர் ஐஐஎஸ்ஸி வழியாக பெர்க்லி போனவர் ராமமூர்த்தி ரமேஷ். 2009இல் பெர்க்லியில் அவர் குழுவில் யான் சைடல் முதலியோர், பிஸ்மத் ஃபெரைட் படலத்தின் மேல் ஒரு கடத்தும் ஊசிமுனையை நகர்த்திப் பார்த்தார்கள். இந்தப் பொருளில் முனை கனசதுரத்தின் மூலைகளை நோக்கி நிற்பதால் எட்டுத் திசைகள், சுவர்கள் 71, 109, 180 டிகிரி என்று மூன்று வகை. டொமைன் மேல் ஊசி இருந்தபோது மின்னோட்டம் இல்லை. 109, 180 டிகிரிச் சுவர்கள் மேல் வந்ததும் அறை வெப்பநிலையிலேயே மின்னோட்டம் ஓடியது. 71 டிகிரியில் இல்லை. ஒரே படிகம், அதே அணுக்கள். அமைப்பு மாறிய அந்த இரண்டு நானோமீட்டரில் மட்டும் குணம் மாறிவிட்டது.

இன்னும் தெளிவான வரப்புப் பாதை பேரியம் டைட்டனேட்டில் கிடைத்தது. பொதுவாகச் சுவர்கள் முனைகள் நேருக்கு நேர் முட்டாதபடிதான் அமையும். இரண்டு பக்கத்து நேர் முனைகளும் சுவரை நோக்கி முழுசாக முட்டினால் அங்கே சதுர நானோமீட்டருக்குச் சுமார் மூன்று எலக்ட்ரான் அளவு மின்னூட்டம் தேங்கும். படிகத்தால் தாங்க முடியாத அளவு அது. தாங்க வேண்டுமானால் எங்கிருந்தாவது எலக்ட்ரான்களை வரவழைத்துச் சமன் செய்ய வேண்டும். வந்த எலக்ட்ரான்கள் சுவரோடு ஓடலாம். 2013இல் லொசானில் ஸ்லூக்கா, செட்டர் குழு முட்டும் வகை 90 டிகிரிச் சுவர்களை வேண்டுமென்றே உருவாக்கி அளந்தது. படிகத்தின் மற்றப் பகுதியைவிட நூறு கோடி மடங்கு வரை கடத்தியது.

கம்பியை இழுத்துப் பொருத்துவதற்குப் பதிலாக, மின்புலத்தால் எழுதி, அழித்து, வேறு இடத்தில் எழுதக்கூடிய கம்பி. இதை வைத்து நினைவகம் செய்யலாம் என்று பல ஆய்வகங்களில் முயற்சி நடக்கிறது. கைபேசிக் கடைக்கு வர இன்னும் நாளாகும் என்பது என் கணிப்பு, சுவரை நினைத்த இடத்தில் நிறுத்தி வைப்பது அவ்வளவு லேசில்லை.

என் ரோஷல் உப்புச் சீவல் இப்போது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு எண்ணெய்ச் சீசாவுக்குள் இருக்கிறது. "புளி டப்பாவுக்குப் பக்கத்துல என்னத்தடா வெச்சிருக்க?" என்று அம்மா கேட்டாள். "அதுவும் புளிதான்மா ஒரு வகையில" என்றேன். உள்ளே ஐந்தாறு டிகிரி இருக்கும், கோடுகள் அத்தனையும் இந்நேரம் நின்றிருக்கும். வெளியே எடுத்துச் சமையல் மேடையில் வைத்தால் போய்விடும்.